பவிக்குப் பூ வைத்த ஞாயிறு

5 ஜூன் 2011, ஞாயிறு

காலை 6.10. வெள்ளை அணு 2,900. தட்டணு ஒரு லட்சத்து நாற்பதாயிரம். ரத்தம் எடுத்தது வெள்ளிக்கிழமை, ரிப்போர்ட் இப்போதுதான் கையில். போன தடவைக்குத் தேவலை. நாளைக்கு ஊசி போடலாம். வெயில் இப்போதே சுள்ளென்று.

பழைய நோட்டை பஸ்ஸில் தொலைத்தாயிற்று. அதனால் இதுவரை நடந்தது சுருக்கமாக.

தங்கை பவித்ரா. வயது பத்தொன்பது. திண்டிவனம் காலேஜில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, இரண்டாம் வருடம். பிப்ரவரியில் ரத்தப் புற்று என்றார்கள். மெட்ராஸ் ஆஸ்பத்திரி. முதல் சுற்று மருந்திலேயே அடங்கிவிட்டது. அடங்கியது வேறு, போய்விட்டது வேறு. டாக்டரம்மா இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். இன்னும் சில மாதம் பதினைந்து நாளுக்கு ஒரு ஊசி, அதன் பிறகு இரண்டு வருடம் மாத்திரை. அப்பா காதில் விழுந்தது 'அடங்கிடுச்சு' மட்டும்.

ஊருக்குச் சொன்னது மஞ்சள் காமாலை. முடி கொட்ட ஆரம்பித்ததும் காமாலைக் கதை எடுபடவில்லை. அம்மாவின் யோசனை: வேண்டுதல் என்று சொல்லிக் குடும்பமே மொட்டை. வைகாசிப் பௌர்ணமிக்குத் திருவக்கரை. கத்தி பட்டுக் கீறினால் அவளுக்கு ரத்தம் நிற்காது, சீழ் வைக்கும். அதனால் புது ட்ரிம்மர் வாங்கி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, வீட்டிலேயே நான்தான் வழித்தேன். கோயிலில் போய் சந்தனம் மட்டும். ஷேர் ஆட்டோவில் நாலு மொட்டை. பவி சொன்னாள், "கரன்ட் போனா கவலையில்ல, நாலு பல்பு இருக்குது."

அதற்குப் பிறகு ஊர் வாயை மூடிக்கொண்டது. யோசனை வேலை செய்தது. அதை மறுக்க மாட்டேன்.

6 ஜூன், திங்கள்

ஆஸ்பத்திரி. முதுகில் போடும் ஊசியும் இன்றைக்கே. பவி பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். அவள் வயதுக்கு அங்கே இடமில்லை. குழந்தைகள் வார்டில் சுவரெல்லாம் யானை, முயல். பெரியவர்கள் வார்டில் இருமும் கிழவிகள். இவளைக் கிழவிகள் பக்கம் போடுகிறார்கள்.

பக்கத்துப் படுக்கையில் மரக்காணம் செல்வி. மீன்பிடிக் குப்பத்துப் பெண், பவியைவிட ஒரு வயது மூத்தவள். கழுத்தில் கட்டி. வாய் நிற்காது.

"எங்க குப்பத்துல எல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சுடி மொட்ட. மீன் ஆயக்கூட உட மாட்டேன்றாங்க. 'நீ குந்து, நீ குந்து'ன்னு. குந்திக் குந்தியே செத்துருவேன் போல. நீ குடுத்து வெச்சவ, ஊருக்கே தெரியாம இருக்கற."

பவி சிரித்தாள். "வேலை வாங்குறாங்கடி. நேத்து மல்லாட்ட உரிச்சேன். கட்ட வெரல்ல தோல் போச்சு."

வேர்க்கடலை உரித்துத் தோல் போனது எனக்குத் தெரியாது. பஸ்ஸில் திட்டினேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மேல்மருவத்தூர் தாண்டி இரண்டு தடவை வாந்தி.

11 ஜூன், சனி

விக்கிரவாண்டி டவரில் டி.ஜி. ஸ்டார்ட் ஆகவில்லை. ஃபில்டரில் தண்ணீர். மாற்றினேன், ஓடியது. செல்போன் டவரின் ஜெனரேட்டரும் பேட்டரியும்தான் என் வேலை. எது கெட்டது, ஏன் கெட்டது என்று கடைசியில் தெரிந்துவிடும். அதுவரைக்கும் நல்ல வேலை.

வீட்டுக்கு வந்தால் அஞ்சலை அத்தை. அப்பாவின் தங்கை. விக்கிரவாண்டியிலிருந்து எனக்கு முன்னாலேயே பஸ் பிடித்து வந்திருக்கிறாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், முகத்தில் கோபம்.

"இன்னா அண்ணே, பொண்ணு கல்யாணத்துக்கு மொட்ட போட்டிருக்கீங்க, அத்தக்காரிக்கு ஒரு வார்த்த இல்ல? என் புள்ள சதீஷ் ஒருத்தன் இருக்கான்றதே மறந்துபோச்சா?"

என்ன கல்யாணம் என்று எனக்குப் புரியவில்லை. அம்மா என் முகத்தையே பார்க்கவில்லை. பிறகு சமையலறையில் அம்மாவிடமிருந்து விஷயத்தைப் பிடுங்கினேன். எதிர்வீட்டுக் குப்பு அக்கா 'இன்னா வேண்டுதல்?' என்று கேட்டிருக்கிறாள். நோய் என்று சொல்ல முடியாது. அம்மா வாயில் வந்தது: 'ஜாதகத்துல தோஷம்டி. கல்யாணம் தடங்கலில்லாம அமையணும்னு.' அந்தப் பேச்சு பத்து நாளில் விக்கிரவாண்டி போய்விட்டது.

"ஏம்மா, வேற காரணமே கெடைக்கலையா? கரும்பு நல்லா வெளையணும்னு சொல்றது?"

"நீ தான்டா படிச்சவன். நீ சொல்லிக் குடுத்திருக்கலாம் இல்ல."

14 ஜூன், செவ்வாய்

மழை வருவது போல் காட்டிவிட்டுப் போய்விட்டது. புழுக்கம்.

அப்பா கணக்குப் போடுகிறார். தம் தங்கை மகன், முறை மாப்பிள்ளை, டோல்கேட் பக்கம் சொந்தமாக செல்போன் கடை. நோய்தான் அடங்கிவிட்டதே. கல்யாணமாகிவிட்டால் உடம்பே தேறிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் என்று கேட்டேன். "எல்லாரும் தான்டா சொல்றாங்க." நோயே தெரியாத ஊர் எப்படிச் சொல்லும்?

"ஊசி? அதுக்கு மேல ரெண்டு வருஷம் மாத்திர? அதையெல்லாம் யாரு மாமியா வூட்ல சொல்றது?"

"அது அப்பறம் பாத்துக்கலாம். நீ சும்மா இரு."

 பவி போனில் டிங், டிங். சதீஷ் எஸ்.எம்.எஸ். 'குட் மார்னிங் பவி, சாப்ட்டியா.' பகல் இரண்டு மணிக்குக் குட் மார்னிங். முட்டாள்.

21 ஜூன், செவ்வாய்

நேற்று ஊசி நாள். போடவில்லை.

ஞாயிறு சாயங்காலம் இடி. மூன்று டவர் அவுட். திங்கள் முழுக்க விழுப்புரத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவில் அலைந்தேன். அப்பா கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தார். இன்று வந்து பார்த்தால் ஆஸ்பத்திரி ஃபைல் வைத்த இடத்தில் அப்படியே.

"அஞ்சல வந்து தங்கிக்கினுக்கீதுடா. அதும் முன்னாடி எப்படிக் கெளம்பறது? எங்க போறோம்னா இன்னா சொல்றது? ஒரு தபா தள்ளிப்போனா ஒண்ணும் ஆயிடாது."

அத்தை பின்கட்டில் பவிக்குக் கேப்பை அடை சுட்டுக்கொண்டிருந்தாள். பவி அடுப்பு முன்னால், முகமெல்லாம் சிவந்து, "இன்னொண்ணு அத்த" என்கிறாள். பிப்ரவரிக்குப் பிறகு அவள் இன்னொன்று கேட்டு நான் பார்த்ததில்லை.

அதனால் வாயை மூடிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன். அது தப்பா சரியா தெரியவில்லை.

அத்தை பவியின் தலையைத் தடவிச் சொன்னது மாடி வரை கேட்டது: "மொளச்சிக்கினு வருது பாரு, நெல்லு நாத்து மாதிரி."

3 ஜூலை, ஞாயிறு

காலையிலேயே சண்டை. நாளைக்கு ஊசி. பவி வரமாட்டேன் என்கிறாள்.

பத்தாம் தேதி அத்தை வீட்டிலிருந்து பூ வைக்க வருகிறார்கள். ஆடி பிறப்பதற்குள் வைத்துவிட வேண்டுமாம், ஆவணியில் கல்யாணம்.

"நாளைக்கு ஊசி போட்டா ஒரு வாரம் வாய் புண்ணு, வாந்தி. மூஞ்சி சவம் மாதிரி இருக்கும். எல்லாரும் வர்ற அன்னிக்கு அப்படியா குந்துறது? பதினொண்ணாந்தேதி வர்றேண்ணா. ஒரு வாரம் தான."

"ஏற்கெனவே ஒண்ணு போச்சு. இது பேட்டரி இல்ல, அப்பறமா சார்ஜ் போட்டுக்கலாம்னு வுட."

"ஆமா, நான் பேட்டரி இல்ல. நீ தான் அப்படி பாக்கற."

"அந்த சதீஷ உனக்குப் புடிச்சிருக்குதா?"

"புடிக்குது, புடிக்கல, அது வேற. அவரு என்னப் பாக்கறப்போ என் கண்ணு கீழ இமைய இழுத்துப் பாக்கல. நீ அத தான் தெனமும் பண்ற."

ரத்தம் குறைந்தால் இமைக்குள்தான் முதலில் தெரியும். அதனால் பார்க்கிறேன்.

டாக்டரம்மாவுக்குப் போன். "உடனே கூட்டிட்டு வாங்க. இது தள்ளிப்போடுற மருந்து இல்ல." அதை அப்படியே பவியிடம் சொன்னேன், அப்பாவிடம் சொன்னேன். அப்பா வயலுக்குப் போய்விட்டார். தூக்கிக்கொண்டா போக முடியும்?

10 ஜூலை, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் வரிசையாக.

பதினோரு மணிக்கு வேன். அத்தை, மாமா, சதீஷ், பத்துப் பதினைந்து பேர். ஒன்பது தட்டு. அம்மா மொட்டையில் முக்காடு, முகமெல்லாம் சிரிப்பு. பவிக்கு அரக்குப் புடவை. அரை இஞ்ச் முடியில் பூ நிற்கவில்லை. அத்தை இரண்டு தடவை வைத்து இரண்டு தடவையும் வழுக்கி விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அத்தை மல்லிச் சரத்தை நெற்றியோடு சுற்றி, பின்னால் நூலால் முடிச்சுப் போட்டாள். "எம் மருமவளுக்கு கிரீடம்டி." பவி தலையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள், தண்ணீர்க் குடம் தூக்கினவள் மாதிரி.

நாளைக்குக் காலை ஐந்தேகால் பஸ், அதுதான் என் மண்டையில்.

சாப்பாட்டுப் பந்தியில் அத்தை சொன்னாள், "அண்ணே, பொண்ண ஒரு வாரம் எங்கூட அனுப்பு. புடவ எடுக்கணும். இப்பவே வேன்ல கூட்டிக்கினு போறேன்."

அப்பா என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்துக்கொண்டேதான் தலையாட்டினார். "கூட்டிக்கினு போம்மா. உன் பொண்ணு."

எழுந்தேன். கையில் சாம்பார் வாளி இருந்தது. அதைக் கீழே கூட வைக்கவில்லை.

"அனுப்ப முடியாது. நாளைக்கு அவளுக்கு ஆஸ்பத்திரி. காமாலையும் இல்ல, தோஷமும் இல்ல. ரத்தத்துல கேன்சர். முடி மருந்துல கொட்டிச்சு. ஏற்கெனவே ரெண்டு ஊசி போச்சு உங்களால."

இதே வார்த்தைகள். டவர் ஃபால்ட் ரிப்போர்ட் சொல்கிற மாதிரிச் சொன்னேன்.

யாரோ ஒருவர் மட்டும் அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தார். அதுவும் நின்றது.

அத்தை இலையிலிருந்து எழுந்தாள். "சாமி பேர சொல்லி எங்களையே மொட்டையடிச்சிட்டீங்களேண்ணே." அப்பா காதருகே போய், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "கொழந்த பொறக்குமா அதுக்கு? அதாவது தெரியுமா?" எனக்கும் தெரியாது. அதை மட்டும் டாக்டரிடம் நான் கேட்டதே இல்லை.

தட்டுகள் வேனுக்குத் திரும்பின. வாழைப்பழத் தட்டை மறந்துவிட்டார்கள், ஒரு பையன் ஓடி வந்து எடுத்துப் போனான். சதீஷ் செருப்பு மாட்டும்போது சொன்னான், "முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருக்கலாம் மச்சான்." கோபமாக இல்லை. அழுவது போல.

பவி உட்கார்ந்த இடத்திலேயே. அம்மா பூவைக் கழற்றப் போனாள். கையைத் தட்டிவிட்டாள்.

11 ஜூலை, திங்கள்

ஐந்தேகால் பஸ் போயிற்று. அறைக் கதவு உள்பக்கம் தாழ். ஆறு மணிக்கு, ஏழு மணிக்கு, எட்டு மணிக்குத் தட்டினேன். ஒன்பது மணிக்கு உள்ளேயிருந்து குரல் மட்டும்:

"ஊசி போட்டுக்கினு வந்ததும் நானே அவருகிட்ட சொல்லலாம்னு இருந்தேன். அவங்க ஊருக்குப் போய், தனியா. எப்படி ஆரம்பிக்கறதுன்னுகூட யோசிச்சி வெச்சிருந்தேன். எனக்கு வந்த நோவு. உன்ன யாரு சொல்லச் சொன்னது?"

"நாளைக்குப் போலாம் பவி. டாக்டர்கிட்ட பேசிட்டேன்."

"நீயே போய் போட்டுக்கோ."

கதவை உடைக்கலாம். கீல் பழசு. உடைத்து?

13 ஜூலை, புதன்

அப்பா என்னிடம் பேசுவதில்லை. அம்மாவிடம் சொல்லி, அம்மா என்னிடம். "கொலகாரன் சாப்ட்டானான்னு கேக்கறாரு." கேட்டபடியே வந்து சொல்கிறாள், பாவம்.

ஊர் முழுக்க வருகிறது. ஆப்பிள், ஹார்லிக்ஸ். எல்லோரும் மெதுவாகப் பேசுகிறார்கள். குப்பு அக்கா தன் பேத்தியை வாசலோடு நிறுத்திக் கொண்டாள்: "உள்ள போவாத, அக்காவுக்கு ஒடம்பு சரியில்ல." போன மாதம் அதே குழந்தைக்குப் பவிதான் தலை வாரி விட்டாள். ஒருத்தி தண்ணீர் கொடுத்த டம்ளரை மறுபடி கழுவித் தரச் சொன்னாள். தொற்றாது என்று சொன்னேன். "தெரியும்பா, சும்மா தான்" என்றாள்.

மல்லாட்டை உரிக்க யாரும் கூப்பிடவில்லை.

பவி ஜன்னலைச் சாத்திவிட்டாள். செல்வி சொன்னது இதுதான். அன்றைக்கு அது எனக்கு வெறும் அரட்டை.

17 ஜூலை, ஞாயிறு

ஆடி ஒன்று. கோயில் ரேடியோ செட் காலையிலிருந்து.

பல் தேய்க்கும்போது பவிக்கு ஈறில் ரத்தம், நிற்கவில்லை. பேசின் முழுக்க. அவளே கதவைத் திறந்து வந்து நின்றாள், வாயில் துண்டு. நான் இமையை இழுக்கப் போய், கையை மடக்கிக்கொண்டேன். அவளே இழுத்துக் காட்டினாள். உள்ளே காகிதம் மாதிரி வெள்ளை. கெண்டைக்கால் முழுக்கச் சிவப்புப் புள்ளி.

பஸ் இல்லை, வாடகைக் கார். அப்பா முன் சீட்டில்.

19 ஜூலை, செவ்வாய்

திரும்பிவிட்டது.

வெள்ளை அணு 68,000. பெரும்பாலும் கெட்ட செல். தட்டணு ஒன்பதாயிரம். டாக்டரம்மா தனி அறையில் உட்காரவைத்துச் சொன்னார். மறுபடி முதலிலிருந்து, முன்னைவிடக் கடுமையாக. இவ்வளவு சீக்கிரம் திரும்பினால் மறுபடி அடங்குவது கஷ்டம். அடங்கினால்தான் எலும்பு மஜ்ஜை மாற்றுவதைப் பற்றிப் பேச முடியும்.

கேட்டேன். "அந்த ஊசிங்க போடாததாலயா?"

"அதனாலன்னு என்னால சொல்ல முடியாது. அதனால இல்லன்னும் சொல்ல முடியாது. எல்லாம் ஒழுங்கா போட்டும் சிலருக்குத் திரும்புது."

"ஏதாவது ஒண்ணு இருக்கணுமில்ல மேடம்?"

"இருக்கும். நமக்குத் தெரியாது."

எந்த மெஷினும் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை. ஜூன் 20 நான் இடி விழுந்த டவரில். ஜூலை 4 அவள் வரமாட்டேன் என்றாள். 11 பூட்டின கதவு. முதலாவது அப்பா, இரண்டாவது அவள், மூன்றாவது நான். இதில் எது? எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். அதுதான் தாங்க முடியவில்லை.

வராந்தாவில் அப்பா என் சட்டையைப் பிடித்தார். பத்து நாளில் முதல் தடவையாக நேராக என்னிடம். "அதுங்கிட்ட சொல்லிடாதடா. காச்சல், அதுக்குத்தான் சேத்துருக்காங்கன்னு சொல்லு. உன் காலுல உழறேன்." குனிந்தேவிட்டார். தூக்கி நிறுத்தினேன். எலும்பும் தோலும். எப்போது இப்படி ஆனார்?

சரி என்றேன்.

20 ஜூலை, புதன்

ரத்தம் இரண்டு பாட்டில் ஏற்றியாயிற்று. உதட்டில் கொஞ்சம் நிறம். செல்வி படுக்கையில் வேறு யாரோ அம்மாள். செல்வி எங்கே என்று பவி நர்ஸிடம் கேட்டாள். "வீட்டுக்குப் போயிட்டா." எந்த வகையில் என்று நான் கேட்கவில்லை. பவியும் கேட்கவில்லை.

சதீஷிடமிருந்து எஸ்.எம்.எஸ். அவள் போன் என் கையில் இருந்தபோது வந்தது. படிக்காமல் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, கண்ணை மூடி, போனைத் தலையணை அடியில் வைத்தாள். என்ன எழுதியிருந்தான் என்று தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

அம்மாவும் அப்பாவும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். சாயங்காலம், பார்வையாளர் நேரம், வார்டு முழுக்கச் சத்தம்.

"அண்ணா."

பதினோராம் தேதிக்குப் பிறகு முதல் தடவை.

"காச்சல் தானா?"

சலைன் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா கண்ணு வீங்கிக்கீது. அப்பா எனக்கு ஆரஞ்சு உரிச்சிக் குடுக்கறாரு, பொறந்ததுலேர்ந்து ஒரு தபா உரிச்சிருப்பாரா? அன்னிக்கு எங்கிட்ட கேக்காம எல்லார்கிட்டயும் சொன்ன. இன்னிக்கு எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் சொல்ல மாட்டேன்ற."

"டாக்டர் ரவுண்ட்ஸ்ல வருவாங்க. அவங்க சொல்லுவாங்க."

"நீ பயந்து நான் பாத்ததில்ல" என்றாள். அதற்குள் அம்மா வந்துவிட்டாள்.

21 ஜூலை, வியாழன்

வராந்தா பெஞ்சு. காலை. மழைத் தூறல், ஜன்னல் ஓரமெல்லாம் ஈரம். வார்டு கழுவுகிறார்கள், ஏழு மணிக்குத்தான் உள்ளே விடுவார்கள். கடுமையான மருந்து பதினோரு மணிக்கு ஆரம்பம். அதற்குக் கையெழுத்து வேண்டும். பத்தொன்பது வயது, அவளேதான் போட வேண்டும். நேற்று அப்பா போடுகிறேன் என்றார், செல்லாது என்றுவிட்டார்கள்.

செய்ய வேண்டியது:

1. மேனேஜருக்குப் போன். லீவு. தரவில்லை என்றால் வேலையை விடுவது.

2. ரத்தம், தட்டணு கொடுக்க ஆள். டவர் பசங்க நாலு பேர் வருவார்கள். சதீஷுக்கும் போன் செய்து கேட்பது. திட்டினால் வாங்கிக்கொள்வது.

3. அப்பாவிடம் முதலில் சொல்வது, அவருக்குக் கொடுத்த வாக்கை உடைக்கப் போகிறேன் என்று. ஒளித்துச் செய்வதில்லை.

4. அம்மா, அப்பா இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு, பவியிடம் எல்லாம் சொல்வது. திரும்பிவிட்டது. வாய்ப்பு குறைவு. ஏன் என்று யாருக்கும் தெரியாது. குழந்தை பற்றியும் அவள் கேட்டால் டாக்டரிடம் அவளையே கேட்கச் சொல்வது, நான் வெளியே நிற்பது.

5. பேனாவை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பது. போடமாட்டேன், வீட்டுக்குக் கூட்டிப் போ என்றால், கூட்டிப் போவது.

6. ஐந்தாவது வரியைக் கோடு போட்டு அடிக்காமல் விடுவது.